உணவுக்குழாயின் ஒவ்வாமை அழற்சி: மென்று தின்பவரின் மறைந்த பிணி

‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்னும் முதுமொழியை வேதவாக்காக மதிக்கும் நம் குடும்பங்களில், பந்தியில் எல்லோரும் மோர் சாதத்துக்கு வந்துவிட்ட பிறகும் சாம்பார் சாதத்தையே சிறு கவளங்களாக உருட்டி, ஒவ்வொரு கவளத்தையும் நெடுநேரம் மென்று, இடையிடையே ஒரு மிடறு தண்ணீரும் அருந்தி நிதானமாக உண்ணும் ஒருவரைக் கண்டால், அவருடைய பொறுமையையும் ஒழுங்கையும் புகழ்ந்து பேசுவோமே தவிர, அவருக்கு ஏதேனும் வியாதி இருக்கக்கூடும் என்று கனவிலும் நினைக்கமாட்டோம். அவரும் நினைப்பதில்லை என்பதுதான் விசேஷம். சப்பாத்தி தமக்குப் பிடிக்காது என்பார். வறண்ட இறைச்சித் துண்டை இலையோரத்தில் ஒதுக்கிவிடுவார். பெரிய மாத்திரையென்றால் உடைத்துப் பொடியாக்கித்தான் விழுங்குவார். நண்பர்கள் ஹோட்டலுக்கு அழைத்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். ‘விழுங்குவதில் சிரமம் உண்டா?’ என்று வைத்தியர் கேட்டால், ‘அப்படியொன்றும் இல்லை’ என்று மனச்சாட்சிக்கு விரோதமின்றியே பதில் சொல்வார். ஏனெனில் சிரமம் தரக்கூடிய எதையும், சிரமம் தரக்கூடிய எந்த விதத்திலும், அவர் பல வருஷங்களாக உண்ணவே இல்லை.

இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப் புகும் வியாதி, இவ்வாறு நோயாளியின் சாமர்த்தியத்துக்குள்ளேயே மறைந்து வாழும் இயல்புடையது. தொண்டைக்கும் இரைப்பைக்கும் இடையே ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாயாகிய உணவுக்குழாயின் உட்சவ்வில், ஆரோக்கிய நிலையில் அங்கே காணப்படாத இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் திரளாகக் குடியேறி, அழற்சியை விளைவித்து, காலக்கிரமத்தில் குழாயை விறைக்கவும் குறுகவும் செய்வதே இதன் ஸ்வரூபம். வைத்திய நூல்கள் இதனை இயோசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் என்று வழங்குகின்றன. நாம் ஒவ்வாமை அழற்சி என்றே குறிப்போம். இந்த அணுக்களை 1879-இல் இயோசின் என்னும் செஞ்சாயத்தின் உதவியால் முதன்முதலாகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பால் ஏர்லிக். இரைப்பையிலும் குடலிலும் இவை சாதாரணமாகவே வசிப்பவை. அங்கே இருப்பதைக் கண்டு யாரும் அஞ்சவேண்டியதில்லை. உணவுக்குழாயில் மட்டும் இவற்றுக்கு வேலை இல்லை.

இந்த இடத்தில் நம் நாட்டு வாசகருக்கு ஒரு மயக்கம் ஏற்படுவது இயல்பு. ‘ஈஸ்னோபீலியா’ என்ற சொல் நமக்குப் புதிதன்று. இரவில் விடாத இருமலும் இளைப்புமாக அவதிப்பட்டு, ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ‘ஈஸ்னோபில் ஏறியிருக்கிறது’ என்று சொல்லப்பட்டு, மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கியவர்கள் முந்திய தலைமுறையில் ஏராளம். அது யானைக்கால் புழுக்களின்பால் சரீரம் காட்டும் மிகையான எதிர்ப்பினால் நுரையீரலில் விளைவது. இங்கே பேசப்படுவதோ வேறு ஸ்தானம், வேறு காரணம், வேறு சிகிச்சை. அன்றியும், குடற்புழுக்களால்கூட ரத்தத்தில் இவ்வணுக்கள் பெருகும் நம் தேசத்தில், ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை அதிகமாக இருப்பதைக் கொண்டு உணவுக்குழாய் நோய் உண்டென்று தீர்மானிக்க முடியாது. குறைவாக இருப்பதைக் கொண்டு இல்லையென்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இவ்வியாதி உள்ளவர்களில் பலருடைய ரத்தத்தில் அவ்வெண்ணிக்கை இயல்பாகவே இருக்கும்.

இதனைத் தனியொரு வியாதியாக வைத்திய உலகம் ஒப்புக்கொண்டு அதிக காலம் ஆகவில்லை. அதற்குமுன், உணவுக்குழாயில் இயோசினோபில் காணப்பட்டால், இரைப்பையின் அமிலம் மேலேறுவதன் விளைவு என்றே அதனை ஒதுக்கிவிடுவது வழக்கமாயிருந்தது. 1993-இல் ஸ்டீஃபன் அட்வுட் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும், விழுங்குவதில் தடை இருந்தும் அமில மிகுதிக்கு அடையாளம் இல்லாத 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷமே ஸ்விட்ஸர்லாந்தில் அலெக்ஸ் ஸ்ட்ராமன் தம்மிடம் வந்த 10 பேரைப் பற்றி எழுதினார். இவ்விரண்டும் வியாதியின் உருவத்தைக் காட்டினவேயன்றி, அதன் காரணத்தைக் காட்டவில்லை. காரணத்தின் திசையைக் காட்டியது 1995-இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள் செய்த ஓர் எளிய, ஆனால் கடுமையான பரிசோதனை. அமிலத்தை அடக்கும் சிகிச்சைக்கு வசப்படாத 10 குழந்தைகளுக்குச் சாதாரண உணவை அறவே நிறுத்தி, புரதமே இல்லாமல் அமினோ அமிலங்களால் மட்டுமே ஆன பானத்தைக் கொடுத்துவந்தார்கள். எட்டுக் குழந்தைகளுக்குத் தொல்லைகள் முற்றிலும் நீங்கின, மற்ற இருவருக்கும் குறைந்தன. பழைய உணவுகளைத் திரும்பக் கொடுத்தபோது தொல்லைகளும் திரும்பின. உணவிலுள்ள புரதமே பகை என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

ஆனால் அந்தப் பகை, ஒவ்வாமை என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் வகையைச் சேர்ந்ததன்று. இறால் தின்ற கால் மணி நேரத்தில் உதடு வீங்கி உடம்பெங்கும் தடிப்புக் காணும் ஒவ்வாமை, ரத்தத்தில் உலவும் ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்புப் பொருளால் உடனுக்குடன் நிகழ்வது. இதுவோ, டி-அணுக்கள் எனப்படும் வேறொரு வகை வெள்ளணுக்களின் தூண்டுதலால், மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் மந்தமாக நடைபெறுவது. இன்டர்லூகின்-13 என்னும் சமிக்ஞைப் பொருள் உணவுக்குழாயின் சவ்வைத் தூண்ட, அச்சவ்வு இயோடாக்ஸின்-3 என்னும் அழைப்புப் பொருளைச் சுரக்க, அந்த அழைப்பைக் கேட்டு இயோசினோபில்கள் வந்து சேருகின்றன. பரம்பரையில் வரும் சில மரபணு வேறுபாடுகள் இதற்கு இடங்கொடுக்கின்றன என்பதும் தெரிந்ததே. இந்த மந்த கதியினால் இரண்டு விளைவுகள் உண்டு. இன்று தின்ற பண்டம் இன்றே தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகையால், ‘எதைத் தின்றால் எனக்கு ஆகவில்லை’ என்று நோயாளி தாமே யூகித்துக் கண்டுபிடிப்பது அரிது. தோலைக் குத்திப் பார்க்கும் சோதனையும், ரத்தத்தில் ஐ.ஜி.இ.யை அளக்கும் சோதனையும், இவ்வியாதிக்குரிய உணவைக் காட்டிக்கொடுப்பதில் நம்பத்தக்கவை அல்ல. நூறு பண்டங்களின் பெயரைப் போட்டு வரும் சோதனைத் தாளை நம்பி, அதில் சிவப்பு மையால் குறித்த அனைத்தையும் விலக்கித் தம்மைத் தாமே பட்டினி போட்டுக்கொள்பவர்கள் பணத்தையும் இழந்து பயனையும் காணார்.

எவருக்கு வரும் என்றால், எந்த வயதிலும் வரலாம். குழந்தைகளுக்கும், இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கும் அதிகம். பெண்ணொருத்திக்கு வருமிடத்தில் ஆண்கள் மூவருக்கு வருகிறது. ஆஸ்துமா, மூக்கொழுகும் ஒவ்வாமை, கரப்பான் ஆகியவற்றில் ஒன்றேனும் தமக்கோ தம் குடும்பத்துக்கோ இருப்பதாக இந்நோயாளிகளில் பெரும்பாலோர் சொல்வார்கள். மேலை நாடுகளில் முப்பது வருஷங்களாக இது பெருகி வருகிறது.

குழந்தைகளிடத்தில் இதன் வேஷம் வேறு. கைக்குழந்தை பாலைத் தள்ளும், கக்கும், எடை ஏறாது. பள்ளிக்குப் போகும் பிள்ளை அடிக்கடி வயிற்று வலி என்று அழும், காரணமின்றி வாந்தி எடுக்கும். பதின்வயதை எட்டிய பிறகே ‘தொண்டைக்குக் கீழே நிற்கிறது’ என்று சொல்லத் தெரியும். சோற்றுக் கவளத்தைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் குழந்தையை, அம்மாவும் பாட்டியும் முறை வைத்துக்கொண்டு அதட்டுவது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. அதக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் வியாதி என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை வெறும் விளையாட்டுப் புத்தியே. ஆயினும், மூச்சிளைப்போ கரப்பானோ உள்ள ஒரு குழந்தை, குழைந்த பருப்புஞ்சாதத்தைத் தடையின்றி உண்டு, கெட்டியான பண்டங்களை மட்டும் தொடர்ந்து அதக்குமானால், அதட்டலை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்வது பெரியவர்களுடைய கடமை.

பெரியவர்களிடத்தில் நோயை வெளிப்படுத்துவது பெரும்பாலும் ஒரு விபத்துதான். கல்யாண விருந்திலோ பிரியாணிக் கடையிலோ, பேச்சு சுவாரஸ்யத்தில் வழக்கமான ஜாக்கிரதையை மறந்து விழுங்கிய ஒரு இறைச்சித் துண்டோ பரோட்டாத் துண்டோ, நெஞ்செலும்புக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடுகிறது. முதலில் இதற்கும் புரையேறுதலுக்கும் உள்ள பேதத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். உணவு மூச்சுக்குழலில் புகுந்து அடைத்தால் பேச்சு எழாது, மூச்சு விட முடியாது, முகம் கறுக்கும். அப்போது, யாரோ நினைத்துக்கொள்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிக்கொண்டிராமல், குனியவைத்து முதுகின் மேற்பகுதியில் பலமாகத் தட்டுவதும், பயிற்சி பெற்றவர் இருந்தால் வயிற்றை உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்துவதும் அக்கணமே செய்யவேண்டியவை. உணவுக்குழாயில் அடைத்துக்கொண்டவரோ மூச்சு விடுவார், பேசுவார்; நெஞ்சில் ஒரு பாரமும் வலியும் இருக்கும்; அடைப்பு முழுமையானதாயின் தம் உமிழ்நீரையும் விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டேயிருப்பார்.

இத்தகையவருக்கு உற்றார் செய்யும் உபகாரங்களைப் போல் அபகாரமானவை வேறில்லை. மீன்முள் குத்தினால் சோற்றுருண்டையை விழுங்கச் செய்யும் பழக்கத்தை ஒட்டி, அடைத்த துண்டை உள்ளே தள்ளுவதற்கென்று சோற்றையோ வாழைப்பழத்தையோ கொடுப்பார்கள். அது அடைப்பின் நீளத்தைக் கூட்டும், அவ்வளவே. செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார்கள். போக வழியில்லாத நீர் மேலே ததும்பி நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம் உண்டு. எல்லாவற்றினும் கொடியது, விரலை விட்டு வாந்தி எடுக்கச் சொல்வது. அழற்சியினால் நலிந்த குழாய், உள்ளிருந்து எழும் அந்த வேகத்தைத் தாங்காமல் கிழிந்துவிடக்கூடும். வயிறு நிறைய உண்டபின் வாந்திக்கு மருந்தருந்திய டச்சுக் கடற்படைத் தளபதி ஒருவர், உணவுக்குழாய் கிழிந்து மாண்ட விருத்தாந்தத்தை லைடன் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மன் போர்ஹாவே 1724-இலேயே எழுதிவைத்தார். அவருடைய பெயராலேயே அந்த விபத்து இன்றும் வழங்கப்படுகிறது. ஆகவே, எதையும் தின்னாமலும் குடிக்காமலும், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, எண்டாஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதே முறை. உமிழ்நீரும் இறங்காத அடைப்பானால் ஆறு மணி நேரத்துக்குள்ளாகவும், மற்றபடி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள்ளாகவும் அகற்றிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய எண்டாஸ்கோப்பி வல்லுநர்களின் விதி.

சிக்கிய துண்டை எடுத்தாயிற்று, உயிர் பிழைத்தது, இனி நன்றாக மென்று சாப்பிடு என்ற உபதேசத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், அதே விபத்தோடு மறுபடியும் வருவதுண்டு. பற்கள் திடமாக உள்ள ஒரு வாலிபனுக்கு உணவு அடைத்துக்கொள்வது தற்செயல் அன்று; அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும்; அக்காரணங்களுள் முதன்மையானது இந்த ஒவ்வாமை அழற்சியே. ஆகையால், துண்டை அகற்றிய வைத்தியரிடம், ‘சவ்விலிருந்து பயாப்ஸி எடுத்தீர்களா, இல்லையாயின் எப்போது எடுக்கலாம்?’ என்று கேட்பதில் நோயாளி சங்கோசப்படலாகாது. எனக்குத் தெரிந்தவரை, இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் வருஷங்களை வேறெந்த முன்னெச்சரிக்கையும் மிச்சப்படுத்துவதில்லை. வருஷங்கள் என்று சொல்வதில் அர்த்தமுண்டு. ஸ்விட்ஸர்லாந்தின் நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஒரு கணக்கின்படி, தொல்லை தொடங்கி இரண்டு வருஷங்களுக்குள் நோயை அறிந்துகொண்டவர்களில் குழாய் குறுகியிருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர். இருபது வருஷங்களுக்கு மேல் அறியாமலே கழித்தவர்களிலோ நூற்றுக்கு 71 பேர். சாமர்த்தியமாக மென்று மென்று நோயைச் சமாளித்த காலமெல்லாம், சவ்வுக்கு அடியில் தழும்புத் திசு சத்தமின்றி வளர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

நோயை நிச்சயிக்கும் வழி ஒன்றே: எண்டாஸ்கோப்பிக் குழாயை உள்ளே செலுத்திப் பார்த்து, சவ்வின் துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வது. பார்வையிலேயே சில அடையாளங்கள் புலப்படும், சவ்வு வீங்கி ரத்த நாளங்கள் மறைந்திருக்கும், குறுக்கே வளையங்களும் நெடுக்கே உழவுசால் போன்ற பள்ளங்களும் தோன்றும், வெண்புள்ளிகள் படிந்திருக்கும், சிலருக்குக் குழாயே ஒடுங்கியிருக்கும். ஆனால், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாத குழாயிலும் வியாதி இருப்பதுண்டு. ஆகையால் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லிப் பயாப்ஸி எடுக்காமல் விட்டுவிட்ட எண்டாஸ்கோப்பி, இவ்விஷயத்தில் செய்யாததற்குச் சமானம். அழற்சி திட்டுத்திட்டாகப் பரவுவதால், மேல்பாகத்திலும் கீழ்பாகத்திலுமாக ஆறு துணுக்குகளேனும் எடுக்கவேண்டும். நுண்ணோக்கியின் உயர்பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்குள் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில்கள் காணப்படுமானால், மற்றக் காரணங்கள் இல்லையென்று கண்டபின், நோய் உறுதியாகிறது. பரிசோதனைக்குமுன் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதையாவது உட்கொண்டுவந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். சிலருக்கு அதுவே அழற்சியைத் தணித்து, நோயின் தடயத்தை அழித்துவிடும். நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோபிரசோலைப் போட்டுக்கொள்வது பல் துலக்குவதைப் போன்ற நித்திய கர்மமாகிவிட்டபடியால், இதை வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதற்கிடையே ஓர் எச்சரிக்கை. ஐம்பதைக் கடந்தவருக்கு, சில மாதங்களுக்குள் விழுங்கும் தடை படிப்படியாக ஏறி, முதலில் சோறும் பிறகு கஞ்சியும் இறங்காமல், உடலும் மெலிந்துகொண்டே வந்தால், இந்த அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்கலாகாது. புற்றுநோய் இல்லையென்று உடனே தெளிந்துகொள்வதே அங்கே முதற்காரியம். ஒவ்வாமை அழற்சி புற்றுநோயாக மாறுவதாகவோ ஆயுளைக் குறைப்பதாகவோ இதுவரை காணப்படவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நோயாளிகளின் மன அமைதிக்கு நல்லது.

சிகிச்சை மூவகைப்படும்: மருந்து, பத்தியம், குழாயை விரிவாக்குதல். இவற்றுள் எதுவும் நோயை வேரோடு களைவதன்று. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு அது திரும்பும். ரத்த அழுத்தத்தை ஆள்வது போல் இதையும் நெடுங்காலம் ஆண்டுவரவேண்டும் என்ற தெளிவோடு தொடங்குபவர்களே சலிப்படையாமல் தொடர்கிறார்கள்.

மருந்துகளில் எளியது, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் வகை. ஒரு காலத்தில் இம்மருந்துக்கு வசப்பட்டால் அது ஒவ்வாமை அழற்சியே அன்று என்று விலக்கிவைத்தார்கள். இம்மருந்து அமிலத்தைத் தடுப்பதோடு, முன்சொன்ன அழைப்புப் பொருளின் சுரப்பையும் நேரே தணிக்கிறது என்று கண்டபின், 2018-இல் வெளியான சர்வதேசக் கருத்தொற்றுமை அந்தப் பழைய விதியைக் கைவிட்டது. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது பயன்படும். அடுத்தது ஸ்டீராய்டு, பெயரைக் கேட்டதும் முகம் வீங்குமோ, சர்க்கரை ஏறுமோ என்று அஞ்சுகிறவர்கள் அறியவேண்டியது, இங்கே மருந்து ரத்தத்தின் மூலமாக அன்றி, விழுங்கும்போது சவ்வின்மேல் படிந்தே வேலை செய்கிறது என்பதும், இரைப்பையைத் தாண்டி உறிஞ்சப்படும் மிகுதியில் பெரும்பங்கை ஈரல் அழித்துவிடுகிறது என்பதுமே. ஆஸ்துமாவுக்கு மூச்சோடு இழுக்கும் ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலரையே, மூச்சை இழுக்காமல் வாய்க்குள் பீய்ச்சி விழுங்கச் சொல்வார்கள்; அல்லது நெபுலைசரில் ஊற்றும் புடெசோனைடு திரவத்தைத் தேன் போன்ற கெட்டியான ஒன்றில் குழைத்து அருந்தச் சொல்வார்கள். மருந்துக்கடைக்காரர் பழக்கத்தின் காரணமாக ‘நன்றாக மூச்சை இழுங்கள்’ என்று சொல்லிக் கொடுத்தால் அதைக் கேட்கக் கூடாது. மருந்துக்குப் பின் அரை மணி நேரம் தண்ணீரும் அருந்தலாகாது. இல்லையேல் சவ்வில் படிந்தது கழுவிக்கொண்டு போய்விடும். வாயிலோ உணவுக்குழாயிலோ வெள்ளைப் பூஞ்சை படர்வது இதன் முக்கியமான பக்கவிளைவு, அதற்கு மருந்துண்டு. வாயில் கரையும் புடெசோனைடு மாத்திரை ஐரோப்பாவில் 2018-இலும், அதன் திரவ வடிவம் அமெரிக்காவில் 2024-இலும் இந்நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்றன. 2022-இல் அமெரிக்கா அங்கீகரித்த டூப்பிலுமாப் என்னும் ஊசி மருந்து, இன்டர்லூகின்-13-உம் அதன் இனமான இன்டர்லூகின்-4-உம் பற்றும் கொளுவியையே அடைத்துவிடுகிறது. மற்றவை பலிக்காதவர்களுக்கு அது பெரும் வரப்பிரசாதம், ஆனால் விலை சாமானியர் எட்டக்கூடியதன்று.

குழாய் ஏற்கெனவே குறுகிவிட்டவர்களுக்கு மருந்து மட்டும் போதாது. எண்டாஸ்கோப்பியின் வழியே பலூனையோ விரிவுக்கோலையோ செலுத்தி, சில அமர்வுகளில் படிப்படியாக விரிவாக்குவார்கள். பிறகு ஓரிரு நாட்கள் நெஞ்சு வலி இருப்பது சகஜம். குழாய் துளைபடுவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. விரிவாக்கியதும் விழுங்குவது எளிதாகிவிடுவதால், நோயே தீர்ந்தது என்று மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. விரித்தது வழியைத்தான், அழற்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பத்தியம் என்பது நமக்குப் பிறவியிலேயே பழக்கமான சொல் ஆதலால், அதைச் சற்று விரித்தே சொல்லலாம். 2006-இல் சிகாகோ நகரத்துக் குழந்தை வைத்தியர்கள், பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகை, மீன் வகை ஆகிய ஆறையும் ஒருங்கே விலக்கிப் பார்த்து, நூற்றுக்கு 74 குழந்தைகளுக்கு அழற்சி தணிந்ததைக் கண்டார்கள். ஆறையும் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கைக்குப் பின்னும் எண்டாஸ்கோப்பி செய்வது நடைமுறையில் பெரிய தபசு. 2023-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், 129 பெரியவர்களில் ஒரு சாரார் பாலை மட்டும் விலக்க, மறு சாரார் ஆறையும் விலக்கினார்கள். முன்னவரில் நூற்றுக்கு 34 பேருக்கும், பின்னவரில் 40 பேருக்கும் அழற்சி அடங்கிற்று. வித்தியாசம் இவ்வளவே என்றால், ஆறில் தொடங்கி இறங்குவதைவிட, பாலில் தொடங்கி, பயனில்லையேல் கோதுமையையும் சேர்த்து ஏறுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயமும்கூட.

பாலை விலக்குவதென்றால் தம்ளர் பாலை நிறுத்துவது மட்டுமன்று. தயிரும் பால், மோரும் பால், வெண்ணெயும் பன்னீரும் பால்கோவாவும் பால், நெய்யிலும் பாற்புரதத்தின் மிச்சம் உண்டாகையால் பரிசோதனைக் காலத்தில் அதுவும் ஆகாது. பசுவுக்குப் பதில் எருமை என்றோ ஆடு என்றோ மாற்றிக்கொள்வதும் வீண், அவற்றின் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை. பாற்சர்க்கரை நீக்கிய பாலென்று கடைகளில் விற்பது, வயிற்று உப்புசக்காரர்களுக்கானது. புரதம் அதில் அப்படியே இருக்கிறது. காபிப் பிரியர்களுக்கு இது சோதனைக் காலம்தான்; கடுங்காபிக்குப் பழகிக்கொள்ளவேண்டும். கோதுமையை எடுத்துக்கொண்டால், சப்பாத்தியும் பூரியும் வெளிப்படை. பரோட்டாவின் மைதாவும், உப்புமாவின் ரவையும், பாயசத்துச் சேமியாவும் கோதுமையே என்பதை நினைவூட்டவேண்டும். பலர் அறியாத ஒளிவிடம் பெருங்காயம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கலப்புக்கு மாவு சேர்ப்பது வழக்கம். அது பெரும்பாலும் மைதா. ஆதலின், டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பதை வாசித்து வாங்காவிட்டால், கோதுமையை விலக்கியதாக நினைத்துக்கொண்டே சாம்பாரிலும் ரசத்திலும் தினந்தோறும் அதைச் சேர்த்துக்கொண்டிருப்போம். மற்ற நான்கையும் விலக்க நேர்ந்தால், பொங்கலின் முந்திரியையும், வேர்க்கடலைச் சட்னியையும், குருமாவில் போடும் மீல் மேக்கரையும், குழம்புக்கு மணமூட்டும் கருவாட்டையும் மறந்துவிடக் கூடாது.

இத்தனை விலக்கிய பின்னும் நம் சமையலறை வெறிச்சோடிப் போவதில்லை என்பது நம் பாக்கியம். ரொட்டியும் பாலாடைக்கட்டியுமே ஜீவாதாரமான ஐரோப்பியரை விட, அரிசியும் உளுந்தும் உண்ணும் நாம் இப்பத்தியத்துக்கு எளிதில் இசையக்கூடியவர்கள். இட்லி, தோசை, இடியாப்பம், துவரம்பருப்பு, காய்கறி, பழம் இவை யாவும் அந்த ஆறுக்கு வெளியே நிற்கின்றன. புலால் உண்பவருக்குக் கோழியும் ஆடும் உண்டு. மென்மையான இட்லி, குறுகிய குழாய்க்கும் இதமானது. ஆயினும் வளரும் குழந்தைக்குப் பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி தேடியாக வேண்டும். கேழ்வரகுக் கூழும் அடையும் ஓரளவு ஈடுசெய்யும், மிச்சத்தை உணவு நிபுணரின் கணக்கே தீர்மானிக்கட்டும். இன்னொன்று: நெடுங்காலம் விலக்கிய பண்டத்தைத் திரும்பச் சேர்க்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாகத் தோன்றுவதுண்டு. ஆகவே, விரதம் முடிந்ததென்று வீட்டிலேயே பால் பாயசம் வைத்துக் கொண்டாடாமல், வைத்தியர் சொல்லும் முறைப்படியே சேர்க்கவேண்டும்.

எந்தச் சிகிச்சையைக் கைக்கொண்டாலும், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறுபடியும் எண்டாஸ்கோப்பியும் பயாப்ஸியும் செய்து பார்ப்பது அவசியம். ‘இப்போது எனக்கு ஒன்றுமில்லையே, மறுபடியும் எதற்குக் குழாய்?’ என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இவ்வியாதியில் நோயாளியின் உணர்ச்சியும் சவ்வின் நிலையும் ஒத்துப்போவதில்லை; அழற்சி அடங்கியும் விழுங்கும் தடை நீடிப்பதுண்டு, தடை நீங்கியும் அழற்சி தொடர்வதுண்டு. வைத்தியர் முன் அமரும்போது ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரமாகிறது, எத்தனை தம்ளர் தண்ணீர் செலவாகிறது, எந்தெந்தப் பண்டங்களைத் தவிர்க்கிறார், மாத்திரையை முழுதாக விழுங்குகிறாரா என்பவற்றைச் சொல்லவேண்டும். தமக்கு நினைவில்லாவிட்டால், தினமும் எதிரே அமர்ந்து உண்ணும் மனைவியையோ கணவரையோ தாயையோ உடன் அழைத்துச் செல்வது நலம், அவர்களே நல்ல சாட்சிகள்.

நோய் நிச்சயமானவர்கள், பயாப்ஸி அறிக்கைகளின் பிரதியை ஒரு கோப்பில் சேர்த்துவைக்கவும். வைத்தியரையோ ஊரையோ மாற்றும்போது, முன்பிருந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே வழி. தாங்கள் வசிக்கும் ஊரிலும், அடிக்கடி போய்த் தங்கும் ஊரிலும், இரவு நேரத்தில் எண்டாஸ்கோப்பி செய்யக்கூடிய மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை வீட்டிலுள்ள அனைவரும் அறியும்படி எழுதிவைக்கவும்.